பழைய காருக்கு ஏற்ற எஞ்சின் எண்ணெய்

நெசவிலும் வேளாண்மையிலும் ஈடுபட்டுள்ள நம் அன்பர்களுள் பழைய மோட்டார் கார் வைத்திருப்போர் உளர். துணிக் கட்டுகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், காய்கறிக் கூடைகளை மண்டியில் சேர்ப்பதற்கும், குடும்பத்தாருடன் கோயில் குளம் சென்று வருவதற்கும் அக்கார் அவர்கட்குப் பயன்படுகின்றது. புதிய கார் வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இருப்பதைப் பேணி ஓட்டுபவர்க்கு எஞ்சின் பழுதடைவது சிறிய இழப்பன்று. எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைப் போர் எடுத்து, கிராங்க் ஷாப்டைக் கடைந்து, பேரிங்குகளை மாற்றிப் பூட்டுவதற்காகும் செலவு, பல வேளைகளில் அக்காரை விற்றாற் கிடைக்கும் தொகையையே எட்டிவிடும். அச்செலவைப் பல்லாண்டு தள்ளி வைக்க வல்லது, காலந்தவறாமல் மாற்றப்படும் சில லிட்டர் எண்ணெய்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. பழைய வண்டிதானே, மலிவாகக் கிடைப்பது போதும் என்பது ஒன்று. விலை உயர்ந்ததும் அண்மையில் வந்ததும் எதுவோ அதுவே சிறந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா. ஓர் எஞ்சின் எத்தகைய எண்ணெயை நம்பி அமைக்கப்பட்டதோ, அதன் தடிப்பும் அதற்கு வேண்டிய காப்புச் சரக்கும் உடைய எண்ணெயே அதற்கு ஏற்றது. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினுள் எண்ணெய் ஒரே வேலையைச் செய்வதன்று. உராய்வைக் குறைக்கின்றது; பிஸ்டனிலிருந்தும் பேரிங்கிலிருந்தும் வெப்பத்தை ஏந்திச் செல்கின்றது; கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கி வருகின்றது; துருவைத் தடுக்கின்றது; பிஸ்டன் ரிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே உள்ள சந்தை அடைத்து அழுத்தம் கசியாமல் காக்கின்றது. இவற்றுள் உராய்வைக் குறைக்கும் வேலையை மட்டும் இங்கே சற்று ஆழ்ந்து நோக்குவோம். எண்ணெயின் தேர்வு பெரும்பாலும் அதனையே பொறுத்தது.

கிராங்க் ஷாப்டு சுழலும்போது அது பேரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே விடப்பட்டுள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவானதே. அவ்விடைவெளியில் எண்ணெய் புகுந்து ஆப்புப் போல் நின்று, சுழலும் ஷாப்டைத் தூக்கித் தாங்குகின்றது. படகு நீரில் மிதப்பது போல ஷாப்டு எண்ணெயில் மிதக்கின்றது எனலாம். இங்கே காவல் செய்வது எண்ணெயின் தடிப்பு. மிக நீர்த்திருந்தால் எண்ணெய்ப் படலம் பாரத்தைத் தாங்காமல் அறும். மிகத் தடித்திருந்தால் எண்ணெய் அவ்விடைவெளியில் புகுந்து செல்லத் தாமதிக்கும்.

காம் ஷாப்டின் நிலை வேறு. வால்வைத் திறப்பதற்காகக் காமின் முட்டை வடிவான முனை டாப்பெட்டின் அடியை அழுத்திக்கொண்டு வழுக்கிச் செல்கின்றது. வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையும் ஒரு மெல்லிய கோட்டின்மேல் விழுகின்றது. அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிட, உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை உண்டாகின்றது. இங்கே தடிப்பு மட்டும் காவாது. எண்ணெயில் கலந்துள்ள ஒருவகைச் சேர்க்கைப் பொருள், வெப்பத்தினாலும் அழுத்தத்தினாலும் உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து தன்னைத் தேயக் கொடுத்து உலோகத்தைக் காக்கின்றது. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவை சேர்ந்த கூட்டுப்பொருள் அது. 1940-களிலிருந்து எஞ்சின் எண்ணெய்களில் சேர்க்கப்பட்டு வருகின்றது.

ஆகவே, தடிப்பு பேரிங்கைக் காக்கும். சரக்கு காமைக் காக்கும். இவ்வொரு வாக்கியத்தை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

2. நம் கார் எவ்வகையைச் சேர்ந்தது?

எண்ணெய்க் கடைக்குச் செல்லுமுன் வண்டியின் எஞ்சின் எதுவென்று தெளிவாக அறிதல் வேண்டும். அம்பாசடர் கார் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரிக்கப்பட்டது. வெளித்தோற்றம் பெரிதும் மாறாமலிருந்தும் உள்ளே பொருத்தப்பட்ட எஞ்சின்கள் பலவகை. நெடுங்காலம் வந்தது பிரிட்டிஷ் அமைப்பில் உருவான 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பின்னர் டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகளும், 1990-களில் இசுசு பெட்ரோல் எஞ்சின் பொருத்தியவையும் வந்தன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாற்றிப் பூட்டிய வண்டிகளும் உண்டு. எனவே, ‘அம்பாசடருக்கு எண்ணெய் கொடுங்கள்’ என்று கேட்பது போதாது.

பியட் 1100 என வந்து பின்னர்ப் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற கார், சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1489 சி.சி. அம்பாசடர் ஆகிய மூன்றிலும் காம் ஷாப்டு எஞ்சின் பிளாக்கினுள் அமைந்தது. டாப்பெட்டுகள் உருளையில்லாத தட்டை அடியுடையவை. அவை காமின்மேல் வழுக்கியே இயங்குபவை. மேலே கூறிய காப்புச் சரக்கு இவற்றுக்கு இன்றியமையாதது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ம் இன்று பழைய காரே. ஆயினும் அதன் காம் ஷாப்டு எஞ்சினின் தலைப்பகுதியில் அமைந்தது. அதற்கு அதன் கையேட்டையே வழிகாட்டியாகக் கொள்ளல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1995 ஏப்ரல் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. தம் வண்டியில் அக்கருவி உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் புகைக்குழாயின் அடியிற் பார்த்தோ பட்டறையிற் கேட்டோ அறிந்துகொள்ளல் நலம். அதன் காரணம் நான்காம் பகுதியில் விளங்கும்.

3. முதற் குறி: தடிப்பு

எண்ணெய் டின்னின்மேல் 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றவாறு எண்கள் காணப்படும். இவை அமெரிக்காவின் மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம் வகுத்த தடிப்பு அளவைகள். சுருக்கமாக எஸ்.ஏ.இ. எண்கள் என்பர். இம்முறை முதன்முதலில் 1911-இல் வகுக்கப்பட்டு, பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றது.

எண்ணெய் குளிரில் தடிக்கும்; வெப்பத்தில் இளகும். ஆகையால் ஒரே எண்ணெயை இரு நிலைகளில் அளக்க வேண்டியுள்ளது. பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறி ஓடும் நிலைக்கு உரியது. 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அளக்கப்படுவது. அவ்வெப்பத்தில் எண்ணெயின் பாகுத்தன்மை சென்டிஸ்டோக் என்னும் அளவில் பின்வருமாறு இருத்தல் வேண்டும்:

எஸ்.ஏ.இ. 20 — 6.9 முதல் 9.3 வரை
எஸ்.ஏ.இ. 30 — 9.3 முதல் 12.5 வரை
எஸ்.ஏ.இ. 40 — 12.5 முதல் 16.3 வரை
எஸ்.ஏ.இ. 50 — 16.3 முதல் 21.9 வரை

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர்க்கு ஒன்று கூறலாம்: சாதாரண வெப்பத்தில் தண்ணீரின் பாகுத்தன்மை இவ்வளவையில் ஏறத்தாழ 1.

முன்னுள்ள எண்ணோடு நிற்கும் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றுவதற்கு எண்ணெய் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதை அது காட்டும். 20டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும், 15டபிள்யூ 20 டிகிரியிலும், 10டபிள்யூ 25 டிகிரியிலும், 5டபிள்யூ 30 டிகிரியிலும் இவ்வாறு சோதிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் சமவெளியில் அத்தகைய குளிரை எவரும் கண்டதில்லை. உதகமண்டலத்தில் உறைபனி பெய்யும் விடியற்காலையிலும் 20டபிள்யூ எண்ணெய் எஞ்சினைச் சுழலவிடும். ஆகவே 5டபிள்யூ, 0டபிள்யூ என்ற குறியைக் கண்டு அதற்காகவே மிகுந்த விலை கொடுப்பதில் நம் பழைய காருக்குப் பெரும்பயன் இல்லை. எனினும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதற் சில விநாடிகளில் 15டபிள்யூ எண்ணெய் 20டபிள்யூவைவிடச் சற்று விரைவாக மேலே ஏறும் என்பதும் மறுக்கத்தக்கதன்று. மலைப்பகுதியில் வாழ்வோர் அதனைக் கருதலாம்.

பாவுக்குக் கஞ்சி தோய்ப்போர் நூலின் நம்பருக்கேற்பக் கஞ்சியின் பதம் பார்ப்பர். பெருநூலுக்குரிய கஞ்சியை மெல்லிய நூலுக்கு இட்டாலும் கெடும். மெல்லிய நூலுக்குரியதைப் பெருநூலுக்கு இட்டாலும் கெடும். எஞ்சினும் அவ்வாறே. இன்றைய புதிய எஞ்சின்கள் எரிபொருட் சிக்கனத்தை நாடி, 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற இளகிய எண்ணெய்களுக்கென்றே அமைக்கப்படுகின்றன. அவற்றின் எண்ணெய்ப் பம்பும் பேரிங் இடைவெளியும் அதற்கு இசைந்தவை. 1950, 1960-ஆம் ஆண்டுகளின் அமைப்பில் உருவான எஞ்சின்கள் 30, 40, 50 எண் எண்ணெய்களை நம்பி அமைந்தவை. 1960-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கார்களில் 20டபிள்யூ-50 பரவலாயிற்று. நம் சமவெளியின் வெயிலில், நல்ல நிலையிலுள்ள 1489 சி.சி. அம்பாசடர் போன்ற எஞ்சினுக்கு 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றுள் கையேடு அனுமதிப்பது எதுவோ அது பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கியர் எண்ணெயின் எண்களும் எஸ்.ஏ.இ. எண்களே, ஆயின் அவை வேறு அளவுகோலைச் சார்ந்தவை. எஸ்.ஏ.இ. 90 கியர் எண்ணெயின் தடிப்பு, ஏறக்குறைய 40 அல்லது 50 எண் எஞ்சின் எண்ணெயின் தடிப்பே. எண் பெரிது என்பதனால் அது இருமடங்கு தடித்ததென்று கருதுவதும், தேய்ந்த எஞ்சினில் அதனைக் கலப்பதும் தவறு. அதில் உள்ள சரக்கு கியர்ப் பற்களுக்காகச் சேர்க்கப்பட்டது, எஞ்சினுக்கு ஆகாது.

4. இரண்டாம் குறி: தரம்

தடிப்பைக் காட்டும் எண்ணோடு, தரத்தைக் காட்டும் எழுத்துகளும் டின்னில் இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த இத்தரங்களைச் சுருக்கமாக ஏ.பி.ஐ. தரம் என்பர். ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்குரியது. ‘சி’ என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்குரியது. அடுத்துள்ள எழுத்து ஆங்கில அகர வரிசையில் முன்னேற முன்னேறத் தரம் பிற்காலத்தது. எஸ்.எப். 1980-களைச் சேர்ந்தது, எஸ்.ஜே. 1990-களின் பிற்பகுதியில் வந்தது, எஸ்.எல். 2001-இலும், எஸ்.எம். 2004-இலும், எஸ்.என். 2010-இலும், எஸ்.பி. 2020-இலும், எஸ்.கியூ. 2025-இலும் வந்தன.

இவ்வரிசையின் தொடக்கத்தில் உள்ள எஸ்.ஏ. எண்ணெயில் சேர்க்கைப் பொருள் ஏதுமில்லை. 1930-க்குப் பின் உருவான எஞ்சின்களுள் பெரும்பாலானவற்றிற்கு அது தகாது என்று அக்கழகமே அறிவித்துள்ளது. அதனை அடுத்துள்ள தரம் 1951-க்குப் பின் உருவான எஞ்சின்களுக்குத் தகாது. தரக்குறியே இல்லாமல் ‘எஸ்.ஏ.இ. 40’ என்று மட்டும் அச்சிட்ட மலிவு எண்ணெய், இவ்விரண்டில் ஒன்றாக இருக்கக் கூடும். அல்லது அதனினும் தாழ்ந்ததாகவும் இருக்கக் கூடும். கார் பழையது என்பதனால் எண்ணெயும் பழைய தரமாக இருக்கலாம் என்று எண்ணுதல் பெரும்பிழை.

பிந்திய தரம் முந்தியதற்கும் ஈடாகும் என்பது பொது விதி. அழுக்கைத் தாங்குவதிலும், வெப்பத்தில் கெடாதிருப்பதிலும் பிந்தியவை மேம்பட்டவையே. ஆயின் ஒரு விதிவிலக்கு உண்டு. காமைக் காக்கும் சரக்கிலுள்ள பாஸ்பரஸ், எஞ்சினில் சிறிது எரிந்து புகையோடு சென்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கின்றது. ஆகவே அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. எஸ்.ஜே., எஸ்.எல். காலத்தில் நூற்றுக்கு 0.10 பங்கு வரை அனுமதிக்கப்பட்டது, எஸ்.எம். காலத்திலிருந்து 0.08 பங்காகக் குறைந்தது. தட்டை டாப்பெட்டுகளுக்கு இக்குறைவு கவலைக்குரியது.

ஆயினும் இதனைக் கேட்டுப் புதிய தரங்களையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டா. இக்கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இளகிய எண்ணெய்களுக்கே உரியது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்தவற்றை அது கட்டுப்படுத்துவதில்லை. நமக்கு வேண்டியவையோ அத்தடித்த எண்ணெய்களே. ஆகவே எஸ்.என். என்று எழுதிய 20டபிள்யூ-50 எண்ணெயில் போதிய பாஸ்பரஸ் இருக்கக் கூடும். உறுதி செய்துகொள்ள விரும்புவோர் தயாரிப்பாளரின் விவரத் தாளைக் கேட்டுப் பார்க்கலாம். பாஸ்பரஸ் நூற்றுக்கு 0.10 பங்கிற்குக் குறையாதிருப்பின் மனநிறைவு கொள்ளலாம்.

டீசல் எஞ்சினுக்குரிய சி.ஐ.-4 தரத்து 15டபிள்யூ-40 எண்ணெயில் இச்சரக்கு மிகுதியாக இருப்பது வழக்கம். டின்னில் ‘சி.ஐ.-4 / எஸ்.எல்.’ என்று இருவகைக் குறிகளும் சேர்ந்திருப்பின், கன்வெர்ட்டர் இல்லாத பழைய பெட்ரோல் காருக்கும் அது ஏற்கத்தக்கதே. பெட்ரோல் குறியே இல்லாத டீசல் எண்ணெயைப் பெட்ரோல் எஞ்சினில் ஊற்றுதல் தவிர்க்கத்தக்கது. கன்வெர்ட்டர் உள்ள வண்டியினர் தம் கையேட்டில் கண்ட தரத்தையே பின்பற்றல் வேண்டும்.

‘துத்தநாகச் சரக்கு’ என்று தனியே சிறு குப்பிகளும் விற்கப்படுகின்றன. நல்ல எண்ணெய் வாங்கினோர்க்கு இவை வேண்டியதில்லை. உப்புக் குறைந்தாலும் கூடினாலும் உணவு கெடுவது போல, இச்சரக்கு அளவு மீறினால் உலோகத்தையே அரிக்கவும் கூடும்.

5. தடித்த எண்ணெய் மறைக்கும் குறைகள்

எஞ்சின் தேய்ந்து புகை தள்ளத் தொடங்கியதும், ‘கொஞ்சம் தடித்த ஆயில் ஊற்றுங்கள்’ என்று யோசனை கூறுவோர் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கின்றது. பேரிங்கின் இடைவெளி அகன்றபோது 40-க்குப் பதில் 50 ஊற்றினால் படலம் சற்றுத் தாங்கும். எண்ணெய்ச் செலவும் சற்றுக் குறையும். ஆயின் இது மருந்தன்று. நோயைத் தாங்கும் ஊன்றுகோலே.

எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் உயர்ந்து நிற்பதைக் கண்டு பலர் மகிழ்கின்றனர். மடையை அடைத்தால் வாய்க்காலில் நீர் மட்டம் ஏறும். ஏறிய நீரெல்லாம் வயலிற் பாய்ந்துவிட்டதென்று எந்த விவசாயியும் கருதமாட்டார். அழுத்தம் என்பது எண்ணெய் செல்வதற்குள்ள தடையின் அளவு. சென்ற எண்ணெயின் அளவன்று. மிகத் தடித்த எண்ணெய், குளிர்ந்த எஞ்சினில் மானியை உயர்த்திக் காட்டும்போதே, மேலுள்ள ராக்கர்களுக்கும் வால்வுகளுக்கும் போய்ச் சேரத் தாமதித்துக்கொண்டிருக்கும்.

பழைய கார் வாங்குவோர் இதனை முக்கியமாக அறிதல் வேண்டும். தேய்ந்த எஞ்சினின் தட்டலையும் புகையையும் சில நாட்களுக்கு மறைத்து வைக்க, விற்பவர் தடித்த எண்ணெயையோ, எண்ணெயைத் தடிக்கச் செய்யும் குப்பிச் சரக்கையோ ஊற்றி வைத்திருக்கக் கூடும். சேமிப்பு முழுவதையும் கொடுத்து வண்டி வாங்கும் ஒருவர் இதனால் ஏமாறினால், அடுத்த சில மாதங்களிலேயே பட்டறைக்குக் கடன்பட நேரும். ஆகையால் பின்வருமாறு சோதித்தல் நலம்:

(அ) எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் செல்லுக. பானெட்டைத் தொட்டுப் பார்த்து, முன்கூட்டியே சூடேற்றி வைத்திருப்பின் மற்றொரு நாள் வருவதாகக் கூறுக.

(ஆ) டிப் ஸ்டிக்கை உருவி எண்ணெயின் ஒழுக்கைக் காண்க. தேன் போல் தொங்கி நின்றால் ஐயுறுக.

(இ) கிளப்பியவுடன் எழும் ஒலியைக் கேட்க. தட்டல் எவ்வளவு நேரத்தில் அடங்குகின்றது என்று கவனிக்க.

(ஈ) அரைமணி நேரம் ஓட்டி, நன்கு சூடேறியபின் மெதுவாகச் சுழலவிட்டு, மானியையோ எச்சரிக்கை விளக்கையோ நோக்குக. விளக்கு மினுக்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

(உ) ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நீலப் புகை வரின் ரிங்குகளும், இறக்கத்தில் காலை எடுத்துப் பின் மிதிக்கும்போது வரின் வால்வு வழிகாட்டிகளும் தேய்ந்திருக்கக் கூடும்.

6. சிந்தெடிக் எண்ணெய் வேண்டுமா?

ஆலையில் இரசாயன முறையில் ஆக்கப்படும் சிந்தெடிக் எண்ணெய் மிகுந்த வெப்பத்திலும் கடுங்குளிரிலும் தன் இயல்பை நன்கு காக்கும். தொடக்க காலத்தில் வந்தவற்றுள் சில, ரப்பர் சீல்களைச் சுருங்கச் செய்து ஒழுக்கை உண்டாக்கியதால் அதற்குக் கெட்ட பெயர் ஏற்பட்டது. இன்று விற்பனையாகும் நல்ல எண்ணெய்களுக்கு அக்குறை பொருந்தாது. ஆயினும் காய்ந்து வெடித்த பழைய சீலையும், சீலுக்குப் பதிலாகத் திருகுப் பள்ளமே அமைந்த பழைய எஞ்சின்களின் பின்புறத்தையும் எந்த எண்ணெயும் ஒழுகாமற் செய்துவிடாது.

பழைய கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோல் சிறிது எண்ணெயில் இறங்குவது இயல்பு. எனவே எண்ணெயை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். ஒருமுறை ஊற்றும் விலையுயர்ந்த எண்ணெயை நெடுநாள் ஓட்டுவதைவிட, அதே பணத்தில் இருமுறை மாற்றும் நல்ல மினரல் எண்ணெயே இத்தகைய எஞ்சினுக்குப் பெரும்பயன் தரும்.

7. ஓர் உதாரணம்

1978-ஆம் ஆண்டு 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர் ஒன்று சமவெளியில் ஓடுகின்றது; எஞ்சின் நடுத்தர நிலையில் உள்ளது எனக் கொள்வோம். கடையில் நான்கு எண்ணெய்கள் உள்ளன. முதலாவது, 5டபிள்யூ-30, எஸ்.பி. தரம், சிந்தெடிக், விலை மிகுதி. இரண்டாவது, எஸ்.ஏ.இ. 40, தரக்குறி இல்லை, விலை மிகக் குறைவு. மூன்றாவது, 20டபிள்யூ-50, எஸ்.எல். தரம். நான்காவது, 15டபிள்யூ-40, சி.ஐ.-4 / எஸ்.எல். தரம்.

முதலாவது சிறந்த எண்ணெயே. ஆயினும் இவ்வெஞ்சினுக்கு இளகியது. காப்புச் சரக்கும் குறைந்தது. இரண்டாவது தடிப்பிற் பொருந்தும். தரம் யாதென அறிய வழியில்லை. மூன்றாவது இரண்டு குறிகளிலும் பொருந்துகின்றது, இதுவே தக்கது. எஞ்சின் புதிதாக வேலை செய்யப்பட்டிருந்தாலோ, வண்டி மலைப்பாங்கான ஊரில் இருந்தாலோ நான்காவதும் தக்கதே. விலையை மட்டும் நோக்கினால் முதலாவதோ இரண்டாவதோ கைக்கு வந்திருக்கும் என்பதைக் கவனிக்க.

8. மாற்றும் முறை

எண்ணெய் மாற்றும் கால அளவைக் கையேடு கூறும். கையேடு கிடைக்காதவர் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றலாம். அவ்வளவு ஓடாத வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். குறுகிய தூரமே ஓடி, நன்கு சூடேறாமல் நிற்கும் எஞ்சினில் நீராவி படிந்து எண்ணெயில் அமிலத்தன்மை உண்டாகும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் உடன் இறங்கும். பில்டரையும் உடன் மாற்றுக.

நெடுங்காலம் தரமற்ற எண்ணெயில் ஓடி, சம்பில் கசடு படிந்த எஞ்சினில் திடீரென நல்ல எண்ணெயை ஊற்றினால், அதிலுள்ள அழுக்கு நீக்கும் சரக்கு அக்கசடைப் பெயர்த்துக் குழாய்களை அடைக்கவும் கூடும். அத்தகைய எஞ்சினில் முதலில் சம்பைக் கழற்றித் துடைத்து, முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுதல் நன்று.

எண்ணெய் கறுத்துவிட்டதனால் கெட்டதென்று முடிவு செய்ய வேண்டா. அழுக்கைத் தாங்கும் எண்ணெய் கறுக்கவே செய்யும். பால் கலந்தாற் போல் வெளுத்திருப்பின் தண்ணீர் கலந்துள்ளது; ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வீசி, அளவும் ஏறியிருப்பின், பெட்ரோல் பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் கலந்து நீர்த்த எண்ணெயில் வண்டியை ஓட்டுதல் பேரிங்குக்குப் பெருங்கேடு.

டின் வாங்கும்போது மூடியின் முத்திரை சிதையாமல் உள்ளதா என்று பார்க்க. காலி டின்னை முழுதாக விற்றுவிடாமல் துளையிட்டுக் கொடுக்க. போலி எண்ணெய் அடைப்போர்க்கு முழு டின்னே மூலதனம்.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுதல் கூடாது. அதில் உலோகத் துகளும், புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களும் உண்டு. கையில் நெடுநேரம் பட்டாலும் தீங்கே. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர்க்குச் சேரும்படி பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

தொகுப்புரை

எஞ்சின் எதுவென்று அறிக. தடிப்பைக் கையேட்டாலும் நம் வெயிலாலும் முடிவு செய்க. தரத்தை எழுத்தைக் கொண்டு அறிக. தட்டை டாப்பெட்டு உள்ள எஞ்சினுக்குப் பாஸ்பரஸ் போதிய அளவு உள்ளதா என்று கேட்க. காலந்தவறாமல் மாற்றுக. தேய்மானத்தைத் தடித்த எண்ணெயால் மூடி மறைக்காமல், வேலை செய்ய வேண்டிய காலத்தில் வேலை செய்க.

பயிற்சி வினாக்கள்

1. பேரிங்கைக் காப்பது எது? காமைக் காப்பது எது? ஏன் இரண்டும் ஒன்றாகா?
2. 20டபிள்யூ-50 என்பதில் ஒவ்வோர் எண்ணும் எந்நிலையைக் குறிக்கின்றது?
3. பாஸ்பரஸ் குறைக்கப்பட்டதன் காரணம் யாது? எந்த எண்ணெய்களுக்கு அக்கட்டுப்பாடு இல்லை?
4. மானியின் முள் உயர்ந்து நிற்பது மட்டும் எஞ்சின் நலத்திற்குச் சான்றாகாதது ஏன்?
5. உம் ஊரில் உள்ள பழைய கார் ஒன்றின் கையேட்டையும், அதில் இப்போது ஊற்றப்படும் எண்ணெயின் டின்னையும் ஒப்பிட்டு நோக்கி, பொருத்தம் உண்டா என எழுதுக.